முன்பணமாகக் கட்டிய சீர்

எங்கள் திருமணத்தில் வரதட்சணை என்று ஒரு ரூபாய்கூடக் கைமாறவில்லை என்பதை நாங்கள் இருவரும் ஒரு காலத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தோம். 2002-ஆம் ஆண்டு மே மாதம், கும்பகோணத்தில் ஒரு சிறிய மண்டபத்தில், இருநூறு பேருக்கு மிகாத கூட்டத்தில் நடந்த திருமணம் அது. ஒரே கல்லூரியில், ஒரே வகுப்பில் நான்கு ஆண்டுகள் படித்தவர்கள் நாங்கள். இரு வீட்டாருக்கும் மறுக்கக் காரணங்கள் இருந்தன. மறுத்து அலுத்த பிறகு சம்மதிக்கவும் காரணங்கள் கிடைத்தன. சம்மதித்த கையோடு மணமகனின் தந்தை, சென்னையில் வங்கி அதிகாரியாக இருந்தவர், “எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், பெண்ணை அனுப்பினால் போதும்” என்றார். அந்த வாக்கியம் உறவினர் வட்டாரத்தில் பல மாதங்கள் புழக்கத்தில் இருந்தது. எங்கள் பெருமிதமோ ஆறு மாதம்கூட நீடிக்கவில்லை. அதைக் கெடுத்தவர் உறவினர் யாருமில்லை, உச்ச நீதிமன்றம்.

(இதை இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றவர் பின்னால் நின்றுகொண்டு “அப்படி நடக்கவில்லை” என்று சொல்வதுதான் எங்கள் முறை. குழப்பம் வராதிருக்க எங்களுள் ஒருவரைச் சென்னைக்காரர் என்றும் மற்றவரை ஆண்டிமடத்துக்காரர் என்றும் குறிப்பிடுகிறோம். வீட்டில் எங்களுக்கு வேறு பெயர்கள் உண்டு. அவை பின்னால் வரும்.)

நாங்கள் பொறியியலில் சேர்ந்தது 1996-இல். எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்தில், 1984-இல், தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்து அப்போது பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. நன்கொடை என்ற பெயரில் நடந்த வியாபாரத்தைக் கட்டுக்குள் கொண்டுவர, 1993 பிப்ரவரியில் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு திட்டம் வகுத்துக் கொடுத்தது. தனியார் கல்லூரியின் இடங்களில் பாதி இலவச இடங்கள். அரசுக் கல்லூரியில் என்ன கட்டணமோ அதுவே அங்கும். மறுபாதி கட்டண இடங்கள். அவற்றுக்குப் பல மடங்கு அதிகம். இரண்டையுமே தர வரிசைப்படியே நிரப்ப வேண்டும். வரிசையில் முன்னால் இருப்பவருக்கு இலவசம், பின்னால் இருப்பவருக்குக் கட்டணம். முன்னவர் கொடுக்காத செலவைப் பின்னவர் ஈடுகட்டிவிடுவார். காகிதத்தில் பார்த்தால் பழுதில்லாத ஏற்பாடு.

பேச்சு வழக்கில் இவை ஃப்ரீ சீட் என்றும் பேமென்ட் சீட் என்றும் வழங்கின. தமிழில் ‘இலவசம்’ என்ற சொல்லுக்கு நேர்ந்த விதியை எண்ணினால் இது சற்று விந்தைதான். இலவச வேட்டி, இலவசச் சீருடை, இலவச மதிய உணவு என்று எங்கே வந்தாலும் அது இல்லாதவனுக்குத் தருவது. வாங்குபவன் கொஞ்சம் தலை குனிந்துதான் வாங்க வேண்டும். பொறியியல் கல்லூரி வளாகத்துக்குள் மட்டும் அச்சொல் நிமிர்ந்து நடந்தது. “ஃப்ரீ சீட்டா, பேமென்ட்டா?” என்பதுதான் விடுதியில் மூத்த மாணவர்கள் கேட்ட முதல் கேள்வி. ஃப்ரீ என்றால் படிப்பாளி. பேமென்ட் என்றால் அப்பன் பணத்தில் வந்தவன். கட்டண இடமும் தர வரிசைப்படி கிடைத்ததுதான் என்பதை எவரும் பொருட்படுத்தவில்லை. நன்கொடை கொடுத்து வந்தவனையும் கட்டண இடத்தில் வந்தவனையும் ஒரே பார்வையில்தான் பார்த்தார்கள்.

சென்னைக்காரர் ஃப்ரீ சீட். ஆண்டிமடத்துக்காரர் பேமென்ட் சீட்.

எங்கள் இருவருக்கும் இடையே இருந்த தூரம், முந்நூறுக்குப் பதினோரு மதிப்பெண். அந்நாளில் பிளஸ் டூ மதிப்பெண்ணை இருநூறுக்குச் சுருக்கி, நுழைவுத் தேர்வின் நூறைச் சேர்த்து, முந்நூறுக்குக் கணக்கிடுவார்கள். பிளஸ் டூவில் எங்களுக்குள் வேறுபாடே இல்லை. கணக்கில் ஆண்டிமடத்துக்காரர் இரண்டு மதிப்பெண் கூடுதல்கூட. (இதை எழுதச் சொன்னவர் யார் என்பது வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும்.) பதினோரு மதிப்பெண் தூரம் முழுக்க நுழைவுத் தேர்வில் விழுந்தது. சென்னைக்காரர் பதினோராம் வகுப்பிலிருந்தே சனி ஞாயிறுகளில் மாம்பலத்தில் ஒரு பயிற்சி மையத்துக்குப் போய்வந்தவர்; வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். ஆண்டிமடத்துக்காரருக்கு அப்படியொரு மையம் கும்பகோணத்தில் இருப்பதாகக் கேள்வி. பேருந்தில் போய்த் திரும்ப அரை நாள் ஆகும். பெண் பிள்ளை இருட்டிய பின் திரும்ப வேண்டும். பேச்சு அங்கேயே முடிந்தது. விண்ணப்பத்துடன் வந்த மாதிரி வினாக்களை மட்டும் பலமுறை போட்டுப் பார்த்துவிட்டுப் போய்த் தேர்வு எழுதினார்.

கலந்தாய்வுக்கு அப்பாவும் மகளும் இரவுப் பேருந்தில் சென்னை வந்தார்கள். அவருடைய முறை வந்தபோது அவர் பிரிவில் அவர் கேட்ட பாடத்துக்கான இலவச இடங்கள் தீர்ந்திருந்தன. கட்டண இடம் இருந்தது. எடுப்பதா வேண்டாமா என்று சொல்ல அவகாசம் அதிகமில்லை. பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். அப்பா மகளைப் பார்த்தார், மகள் தரையைப் பார்த்தார். “எடுத்துக்கம்மா” என்றார் அப்பா. பணம் எங்கிருந்து வரும் என்று அவர் அப்போது சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பிய மறுவாரம் ஒரு ஏக்கர் முந்திரிக் கொல்லை விலை பேசப்பட்டது.

ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கத்துச் செம்மண்ணில் முந்திரி ஒரு பயிர் என்பதைவிட வீட்டு மனிதர் என்றே சொல்லலாம். தண்ணீர் கேட்காது, பெரிதாகப் பாடுபடுத்தாது. கோடையில் ஒரு கைப் பணத்தைக் கொடுத்துவிட்டு மறுபடி அமைதியாகிவிடும். விற்ற பிறகும் இரண்டு கோடைகள் அப்பாயி விடிகாலையில் கூடையை எடுத்துக்கொண்டு அந்தக் கொல்லைக்குப் போய், உதிர்ந்த பழங்களைப் பொறுக்கத் தொடங்கிவிடுவாராம். வாங்கியவரின் ஆள் ஒன்றும் சொல்லமாட்டார். வீட்டுக்கு வந்து, “ஆயாவைக் கூட்டிக்கிட்டு வாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். அன்று கல்விக் கடன் என்பது எங்கள் ஊர்ப் பக்கத்து வங்கிகளில் கேட்கவே கூசும் சங்கதி. பிணையில்லாத கடனுக்கு வழி செய்த இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டம் 2001-இல்தான் வந்தது. அதற்குள் நாங்கள் பட்டம் வாங்கிவிட்டோம்.

கொல்லை மூன்று ஆண்டுக்குத்தான் தாங்கியது. நான்காம் ஆண்டுக்கு அம்மாவின் நகைகள் கூட்டுறவு வங்கிக்குப் போயின. அதே ஆண்டில் தம்பி பத்தாம் வகுப்பு முடித்தான். நன்றாகவே படிப்பான். ஒரு வீட்டில் ஒரு கொல்லைதானே இருக்கும்? அவன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தான். யாரும் சண்டையிடவில்லை, அழவில்லை. அவன் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு போனதை அக்கா பார்க்கக்கூட இல்லை. அன்று அவருக்குப் பருவத் தேர்வு.

இவையெல்லாம் சென்னைக்காரருக்கு வெகுநாள் தெரியாது. ஒரே வகுப்பில், இரண்டு பெஞ்சு தள்ளி, ஒரே ஆசிரியரிடம் ஒரே பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்த இருவரில் ஒருவருடைய படிப்புக்காக ஒரு கொல்லை போய்க்கொண்டிருந்தது. மற்றவருடைய அப்பா மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அதே ஆண்டு வீட்டுக்கு வண்ணத் தொலைக்காட்சி வாங்கினார்.

*

2002 அக்டோபர் 31 அன்று டி.எம்.ஏ. பாய் அறக்கட்டளை வழக்கில் பதினோரு நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பு வழங்கியது. சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களின் உரிமை பற்றிய வழக்கு அது. அதற்குள் உன்னிகிருஷ்ணன் திட்டமும் விசாரணைக்கு வந்து, செல்லாது என்று ஒதுக்கப்பட்டது. செய்தித்தாளில் சுருக்கம் படித்துவிட்டு, பின்னர் முழுத் தீர்ப்பையும் தேடி எடுத்துப் படித்தோம். புதிதாக மணமானவர்கள் மாலை நேரத்தில் செய்யும் காரியம் அல்லதான். ஆனால் அது எங்கள் கதையாயிற்றே.

தலைமை நீதிபதி கிர்பால் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பில் ஒரு பத்தி எங்களை நிறுத்திவிட்டது. அதன் சாரம் இது: முதல் பாதியில் சேரும் மாணவர்கள் பின்பாதியினரைவிட ஏழைகளாக இருப்பார்கள் என்பது போன்ற ஒரு நம்பிக்கையில் இலவச இடம், கட்டண இடம் என்று பிரித்தார்கள், நடந்தது தலைகீழ். கட்டண இடத்து மாணவர் தன் இடத்துக்குக் கொடுப்பதோடு, இலவச இடத்தில் அமர்ந்திருக்கும் சக மாணவரின் செலவையும் சேர்த்தே சுமக்கிறார். மதிப்பெண்ணை மட்டும் அளவுகோலாக வைத்த போட்டியில் நகரத்து மாணவருக்கே எப்போதும் கை ஓங்கியிருக்கிறது. எனவே சற்றே குறைந்த மதிப்பெண் பெற்ற கிராமத்து அல்லது ஏழை மாணவர், வசதியான நகரத்து மாணவரின் சுமையைத் தாங்குவதாகத்தான் அந்தத் திட்டம் முடிந்தது.

‘சற்றே குறைந்த’ என்பது எங்கள் வீட்டில் பதினோரு மதிப்பெண்.

இரும்புப் பெட்டியில் அப்பா பத்திரப்படுத்தியிருந்த ரசீதுகளின் நகல் எங்களிடமும் இருந்தது. ஒரு பழைய திருமண அழைப்பிதழின் உறையில் கணக்குப் போட்டோம். ஒருவர் கட்டியதிலிருந்து இன்னொருவர் கட்டியதைக் கழித்து, நான்கால் பெருக்கி, வந்த தொகையைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் சிரித்தது ஆண்டிமடத்துக்காரர்தான். “எங்க அப்பா ஆறு வருஷத்துக்கு முன்னாடியே சீரைக் கட்டிட்டாரு. உங்க அப்பாதான் வாங்கலைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்காரு” என்றார். மாப்பிள்ளை யாரென்றே தெரியாமல், கல்லூரி அலுவலகத்தின் சன்னலில், வரைவோலையாகக் கட்டிய சீர். அன்றிலிருந்துதான் எங்கள் வீட்டுப் பெயர்கள் நிலைத்தன. காபி கேட்கும்போதும் சண்டையிடும்போதும், “ஃப்ரீ சீட்டுக்கு எல்லாம் ஃப்ரீயாவே வேணும்” என்ற வாக்கியம் இன்றுவரை வழக்கில் உள்ளது.

2003 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சென்னைக்காரர் மாமனாரிடம் இதை எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று தவித்தார். மன்னிப்புக் கேட்பதா, நன்றி சொல்வதா என்று தெரியாமல், தீர்ப்பின் கதையாகவே சொன்னார். திண்ணையில் உட்கார்ந்து முழுவதும் கேட்ட மாமனார் எங்கள் சீர் நகைச்சுவைக்குச் சிரித்தார். பிறகு, “சரிங்க மாப்பிள்ள, எம் பணம் நம்ம வீட்டுக்குத்தான் வந்து சேந்துச்சு. எங்கூட கியூவுல நின்ன மத்த ஆளுங்க கட்டுனது எங்க போச்சு?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. எங்கள் நகைச்சுவை எங்கள் இருவருக்கு மட்டுமே செல்லுபடியாகும் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த வரிசையில் வரைவோலையுடன் நின்ற மற்றத் தகப்பன்மார்களின் பணம் எந்த மருமகனையும் சென்று சேரவில்லை.

அந்தத் தீர்ப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நோயை அத்தனை துல்லியமாகச் சொன்ன வைத்தியர், மருந்தை நோயாளிக்கு எழுதித் தரவில்லை. கட்டண இடத்துக் கிராமத்து மாணவனின் பாரத்தைச் சுட்டிக்காட்டிய அதே தீர்ப்பு, கட்டணத்தை நிர்ணயிக்கும் உரிமையைப் பெரும்பாலும் நிர்வாகங்களின் கையில் திருப்பிக் கொடுத்தது. லாப வேட்டை கூடாது, நன்கொடை கூடாது என்ற நிபந்தனைகள் இருந்தன. 2003-இல் இஸ்லாமிக் அகாடமி வழக்கில் கட்டணத்தை மேற்பார்வையிடக் குழுக்கள் வந்தன. ஆயினும், ஃப்ரீ சீட் என்ற சொல் மறைந்ததே தவிர பேமென்ட் சீட் மறையவில்லை. எல்லா இடமும் ஏறத்தாழ அதுவாகிவிட்டது. 2005 ஆகஸ்டில் வந்த இனாம்தார் தீர்ப்பு, உதவி பெறாத கல்லூரிகளில் அரசு தன் ஒதுக்கீட்டைத் திணிக்க முடியாது என்றது. உடனே அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று.

தமிழ்நாட்டில் செய்யப்பட்டவற்றுள் எங்கள் கதையை நேராகத் தொட்டது 2007-இல் நுழைவுத் தேர்வு ஒழிந்ததுதான். பேராசிரியர் அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரை, சட்டம், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் என்று நடந்த அந்தக் காரியத்தைப் பலர் தரத்தின் சாவு என்று எழுதினார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பாயசம் வைத்தோம். பதினோரு மதிப்பெண் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தவர்கள் வேறென்ன செய்வார்கள்? 2010-இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை வந்தபோது ஆண்டிமடத்துக்காரர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவருடைய குடும்பத்தில் மூன்று தலைமுறைக்கு அவர்தான் முதல். பதினான்கு ஆண்டு முந்திப் பிறந்துவிட்டார், அவ்வளவுதான்.

*

இங்கே நிறுத்தியிருந்தால் நாங்கள் நல்லவர்களாகத் தெரிவோம். ஆனால் 2022-இல் எங்கள் மகளைக் கல்லூரியில் சேர்த்தோம்.

அவளுக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்தே பயிற்சி வகுப்பு. நுழைவுத் தேர்வு ஒழிந்ததற்குப் பாயசம் வைத்த வீட்டில், பிற நுழைவுத் தேர்வுகளுக்காக நான்கு ஆண்டுகளில் நாங்கள் செலவழித்த தொகையை எழுதக் கை வரவில்லை. ஆண்டிமடத்தில் இப்போது அதற்கு எவ்வளவு நிலம் வாங்கலாம் என்று மட்டும் ஒருநாள் விசாரித்து அறிந்துகொண்டோம். அவள் சேர்ந்தது ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில். அங்கே கட்டணம் எல்லோருக்கும் ஒன்றல்ல. அவர்களே நடத்தும் நுழைவுத் தேர்வில் தர வரிசை எப்படியோ கட்டணமும் அப்படி: முன்வரிசையில் வந்தால் குறைந்த பிரிவு, பின்னால் போகப் போக, அதே வகுப்பறைக்கு, அதே நாற்காலிக்கு, பல மடங்கு.

மகள் முதல் பிரிவில் வந்தாள். மின்னஞ்சலைத் திறந்து கட்டணத்தைப் பார்த்ததும் இருவரும் பெருமூச்சு விட்டோம். மகிழ்ச்சிதான், மறைப்பானேன். இரவு உணவின்போதுதான் ஆண்டிமடத்துக்காரர் சொன்னார்: “இவ ஃப்ரீ சீட்டு. எவனோ ஒருத்தன் அங்க பேமென்ட் கட்டிக்கிட்டிருப்பான்.” மகளுக்குப் புரியவில்லை. விளக்கினோம். “அதுக்கு நான் என்ன பண்றது, பின்னாடி போய் நிக்கட்டுமா?” என்றாள். நியாயமான கேள்வி. அந்த இடத்தை நாங்கள் மறுக்கவில்லை. முதல் தவணையை அந்த வாரமே கட்டினோம்.

எந்த நீதிமன்றம் எந்தத் திட்டத்தைத் தள்ளுபடி செய்தாலும் அதே திட்டம் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்துவிடுகிறது. முன்பு அதில் ஏழைக்கு நல்லது செய்கிறோம் என்ற நினைப்பாவது இருந்தது. இப்போது அதன் பெயர் தகுதிக்கான சலுகை.

*

தம்பி ஓசூரில் பத்து ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். அவன் மகள் ஊரில் அரசுப் பள்ளியில் படித்தவள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அந்த முதல் ஆண்டிலேயே ஒரு செய்தி வந்ததை நண்பர்கள் நினைவில் வைத்திருக்கலாம்: கலந்தாய்வில் தனியார் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தும், கட்டணம் கட்ட வழியில்லாமல் சில பிள்ளைகள் இடத்தை விட்டுவிட்டு வெளியே வந்தார்கள். இடம் கொடுத்தாயிற்று, இனி அவர்கள் பாடு என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருப்பார்கள் போலும். அதன் பிறகே கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. 1996-இல் கலந்தாய்வு அறையில் “எடுத்துக்கம்மா” என்று சொல்ல ஒரு கொல்லை பின்னால் இருந்தது. அந்தப் பிள்ளைகளின் அப்பாக்களுக்கு அதுவும் இல்லை.

2021-இல் அதே ஒதுக்கீடு பொறியியல் உள்ளிட்ட படிப்புகளுக்கும் வந்தது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கும் என்றும் அறிவித்தார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். தம்பி மகளின் தோழி ஒருத்தி, அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவள், அதே தெரு, அதே வறுமை, இதற்குள் வரவில்லை. கோடு எங்கே கிழித்தாலும் அந்தப் பக்கம் யாரோ நிற்கத்தான் செய்கிறார்கள்.

2023-இல் தம்பி மகளுக்கு இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. செய்தியைச் சென்னையில் சொன்னபோது, எழுபதைக் கடந்துவிட்ட வங்கி அதிகாரி நாளிதழை மடித்துவிட்டு, “எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்தால் படிப்புக்கு என்ன மரியாதை?” என்றார். ஃப்ரீ சீட்டுக்காரரின் தந்தை அவர். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று இதை எழுதும்போது தோன்றுகிறது.

சேர்க்கை நாளன்று எல்லோரும் போனோம். ஊர் அப்பாவும் வந்தார், வேண்டாமென்றால் கேட்கவில்லை. வேட்டி மடிப்பில் ஒரு மஞ்சள் பை. தம்பி பட்டறையை அடைத்துவிட்டு, வங்கியில் எடுத்த பணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நின்றான். பணம் எதுவும் தேவைப்படாது என்று ஒரு வாரமாகச் சொல்லியும் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. “மாமா, கடைசி நேரத்துல ஏதாச்சும் கேப்பாங்க” என்று சென்னைக்காரரிடம் இரண்டு முறை சொன்னான். சன்னலுக்குள் இருந்த பெண் சான்றிதழ்களைச் சரிபார்த்து, ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கி, “அவ்வளவுதான், விடுதிக்குப் போகலாம்” என்றார். தம்பி அப்போதும் நகரவில்லை.

அப்பாதான் முன்னால் போய், சன்னலில் குனிந்து, ரசீது கேட்டார்.

“பணமே கட்டலையே தாத்தா, ரசீது எதுக்கு?”

“நாளைக்கு யாராச்சும் வந்து கேட்டா?”

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தார். பிறகு ஒதுக்கீட்டு ஆணையின் நகல் ஒன்றை எடுத்து, கல்லூரி முத்திரையைக் குத்தி, தேதி போட்டுக் கொடுத்தார். அப்பா அதை நான்காக மடித்து மஞ்சள் பைக்குள் வைத்தார். அந்தப் பைக்குள் ரப்பர் வளையம் போட்ட பழைய ரசீதுக் கட்டு ஒன்று இருந்ததை அப்போதுதான் நாங்கள் பார்த்தோம்.